கோதுமைத் தொகுதியின் கௌரவ உறுப்பினர்

கனடாவை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அந்த நாட்டுப் பாராளுமன்றத்தில் நூறு வருடங்களுக்கு முன்பு இருந்த ஒரு உறுப்பினரோடு நான் ஏழு மாதம் குடும்பம் நடத்தினேன் என்று என் கணவர் போகிற வீடெல்லாம் சொல்லித் திரிகிறார். அதில் பாதி உண்மை. காலையில் இவர் வேலைக்குப் போனதும் குசினி மேசையில் கணினியைத் திறந்தால், மத்தியானம் உலை வைக்கும்வரை எனக்கு அந்த மனிதரோடுதான் பேச்சு.

மெல்பேர்னின் டண்டினொங் பகுதியில் ஒரு பொதி கட்டும் தொழிற்சாலையில் பதினாறு வருடம் லேபல் சரிபார்த்தவள் நான். எழுத்து ஒன்று தலைகீழாக நின்றாலும் என் கண்ணுக்குத் தப்பாது. தொழிற்சாலையை மூடிவிட்டுப் போனபின், மகள் இணையத்தில் தேடி எனக்கு ஒரு வீட்டு வேலை பிடித்துத் தந்தாள். பழைய பாராளுமன்றப் பதிவுகளைக் கணினி படித்து எழுத்தாக்கும். அது விடும் பிழைகளை நாங்கள் திருத்த வேண்டும். ஒவ்வொரு பேச்சுக்கும் பக்கத்தில், பேசியவர் யார் என்று குறிக்கவும் வேண்டும். எனக்குக் கிடைத்தது கனடாவின் மேற்கே, கோதுமை விளையும் சமவெளியில் ஒரு தொகுதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். முதல் கோப்பின் தலைப்பில் உறுப்பினரின் பெயர் இருந்தது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. என் வீட்டில் அவருக்குப் பெயர் கோதுமைக்காரர்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிப் பேசக்கூடாது. 'இன்ன தொகுதியின் கௌரவ உறுப்பினர்' என்றுதான் சொல்ல வேண்டும். சபாநாயகர் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது தண்டனை. அவர் எழுந்து வெளியே போக வேண்டியதுதான். இதை வாசித்த அன்று தனியே இருந்து சிரித்தேன். கலியாணமாகி முப்பத்திரண்டு வருடம், என் கணவரின் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரிக் கவுண்டரில் கேட்டால் அவருடைய லைசென்ஸை எடுத்து நீட்டுவேன். மகளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "இட்ஸ் ஜஸ்ட் எ நேம், மம்" என்பாள். வெள்ளைக்காரன் சட்டம் போட்டுச் செய்ததை நான் சட்டமில்லாமல் செய்கிறேன், அவ்வளவுதான் என்று அவளுக்குச் சொல்ல எனக்கு இப்போதுதான் ஒரு ஆதாரம் கிடைத்தது.

கோதுமைக்காரரின் கன்னிப் பேச்சு ரயில் பெட்டிகளைப் பற்றியது. அறுவடை முடிந்தும் பெட்டிகள் வருவதில்லை, மூட்டைகள் நிலையத்து மேடையில் கிடந்து நனைகின்றன என்றார். அடுத்த வருடமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வருடம் ஒரு பாலம் வந்து சேர்ந்தது. தன் தொகுதியில் ஆற்றுக்குக் குறுக்கே இருந்த மரப்பாலத்தின் பலகைகள் உக்கிவிட்டன, அமைச்சர் தன் மனைவியையும் அவருடைய உடுப்புப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு ஒருதரம் அதில் வண்டி ஓட்டிக் காட்டட்டும் என்றார். சபை சிரித்ததாகப் பதிவில் இருக்கிறது. ஒரு தபால் கந்தோர், சபை மண்டபத்தின் புழுக்கம், பிறகு மறுபடியும் பாலம். பெரிய கொள்கை எதுவும் அவர் வாயில் வரவில்லை. ஆனாலும் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. எங்களுக்கு வாய்த்த எம்.பி.மார் வானத்தை வில்லாக வளைப்பதாகச் சொன்னவர்கள். இந்த மனிதர் பலகை கேட்டார்.

மூன்றாவது மாதம் அடுத்த கட்டுக் கோப்புகள் வந்தன. அச்சு மங்கி, பேசுபவரின் பெயர் இருக்கும் இடமெல்லாம் கறுப்பு மையாகக் கிடந்தது. அது எனக்குப் பெரிய கஷ்டமாகப் படவில்லை. அடுத்துப் பேசுகிறவர் எப்படியும் 'இந்தத் தொகுதியின் கௌரவ உறுப்பினர் சொன்னதுபோல' என்று தொடங்குவார். அதைப் பிடித்துக்கொண்டு கோதுமைக்காரரின் பெயரைப் போட்டுக்கொண்டே போனேன்.

ஆனால் ஆள் மாறியிருந்தார். பகிடி இல்லை. பாலத்தை மறந்துபோனார். வசனங்கள் குறுகிப்போயின. பெண்களுக்கு வாக்கு வேண்டும் என்றார். ஒருநாள், மேற்குத் துறைமுகத்துக்குக் கப்பலேறி வரும் ஆசியர்களை இறங்கவிடாமல் திருப்புவது பற்றிய விவாதத்தில் எழுந்தார். கதவைத் தட்டுகிறவனின் முகத்தைப் பார்க்காமலே கதவைச் சாத்துவது விவசாயி வீட்டுப் பழக்கமல்ல என்றார். இந்தச் சபையில் இருக்கிற ஒவ்வொருவரின் பாட்டனும் ஏதோ ஒரு கப்பலால் இறங்கியவன்தான் என்றார். இடையிடையே மற்றவர்கள் கூச்சலிட்டிருக்கிறார்கள். அவர் நிறுத்தவில்லை. நான் கணினிக்கு முன்னால் இருந்து அழுதேன். உலை பொங்கி அடுப்பு அணைந்ததைக்கூடக் காணவில்லை.

அதற்கடுத்த கோப்புக் கட்டில் மறுபடியும் பாலம் வந்தது, பகிடியும் வந்தது. கூடவே, கப்பலில் வருகிறவர்களை ஒருபோதும் இறக்கக்கூடாது என்று அதே தொகுதியின் அதே கௌரவ உறுப்பினர் மேசையில் தட்டிச் சொன்னார்.

எனக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. திரும்பிப் போய் முதலிலிருந்து வாசித்தேன். மனைவி செத்திருப்பாளோ என்று யோசித்தேன். ஏதும் நோய் வருத்தம் வந்து மூளையைத் தாக்கியிருக்குமோ என்று நினைத்தேன். யாரும் பயமுறுத்தியிருப்பார்களோ? சனிக்கிழமை த பேசின் என்ற ஊரில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குக் காரில் போகும்போதும் இதே கதைதான். என் கணவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அரசியல்வாதியெண்டா அப்பிடித்தான். செத்துப்போன வெள்ளைக்காரனுக்காக ஏன் மண்டையைப் போட்டு உடைக்கிறீர்?" என்று கேட்டார். ஒரு வாயிலிருந்து அந்த இரண்டு பேச்சும் வந்திருக்க முடியாது என்று மனம் சொன்னது. ஆனால் இரண்டுக்கும் பக்கத்தில் ஒரே பெயரை எழுதியவள் நான்தானே.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் எங்கள் பின்வளவுத் தம்பி ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தனி அறையில் ஆறு வருடமாகக் குடியிருக்கிறவர் அவர். மன்னார்க் கத்தோலிக்கர். பதின்மூன்று வருடத்துக்கு முன்பு படகில் வந்து, இன்றுவரை தற்காலிக விசாவில் இழுபடுகிறார். குளிர்க் களஞ்சியம் ஒன்றில் பின்னேர வேலை. சத்தம் சந்தடி இல்லாத மனிதர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, பின்படியில் இருந்து கனடாவில் இருக்கும் அண்ணாவோடு தொலைபேசியில் பேசும்போது மட்டும் குரல் உயரும். "ஓம் அண்ணா, சரி அண்ணா" என்று நாலு வீடு கேட்கும்.

அவருடைய வழக்கு எல்லா இடத்திலும் தோற்றுவிட்டது. இனி மிச்சம் இருப்பது அமைச்சருக்கு ஒரு விண்ணப்பம். அதற்குத் தொகுதி எம்.பி. ஒரு வார்த்தை எழுதினால் பலம். அவருடைய தேவாலயத்துப் பங்குச் சுவாமியார் எப்படியோ எம்.பி.யிடம் ஒரு வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டார். எம்.பி. கையில் கொடுக்க ஒரு நல்ல கடிதம் வேண்டும். இதுவும் சரிவராவிட்டால் அவரை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். "அன்ரி பாராளுமன்ற இங்கிலீசே திருத்திறீங்கள். நீங்கள்தான் எழுதித் தரவேணும்" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, ஒளிப்பானேன்.

பையிலிருந்த நிராகரிப்புக் கடிதத்தை அன்றுதான் வாசித்தேன். முதல் நேர்காணலில் விண்ணப்பதாரர் தன் மூத்த சகோதரரை ஆயுதம் தாங்கியவர்கள் வீட்டிலிருந்து கொண்டுபோனதாகவும் அவர் திரும்பவே இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டாவது நேர்காணலில், மூத்த சகோதரர் கனடாவில் இருப்பதாகவும் அவரே தன் பயணத்துக்கு உதவியதாகவும் சொல்லியிருக்கிறார். ஆகவே சகோதரர் பற்றிய இவரது கூற்றை நம்ப முடியாது. அது நம்ப முடியாததால் மற்றவையும் நம்ப முடியாது. இருபத்திரண்டு பக்கக் கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்.

வாசித்ததும் எனக்குப் பின்படிக் குரல்தான் கேட்டது. ஓம் அண்ணா, சரி அண்ணா.

அப்படியென்றால் பொய் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தேன். பாவம், படகில் யாரோ சொல்லிக்கொடுத்ததைச் சொல்லி மாட்டிக்கொண்டார் என்று முதலில் இரக்கம். அடுத்த நாள் கோபம். உண்மையிலேயே அண்ணாவைப் பறிகொடுத்த பிள்ளைகள் எத்தனை பேர். இவர் உயிரோடு இருக்கிறவரைச் சாகக் கொடுத்து விசா கேட்டிருக்கிறார். அன்று பின்னேரம் கறிவேப்பிலை கேட்டு வந்தவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை, மரத்தில் இருக்கு, பிடுங்கும் என்றேன். இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் முகம் சுருங்கிப்போகும், அதை நான் ஏன் பார்க்கவேண்டும் என்று விட்டேன். மரியாதை என்று அதற்குப் பெயரும் வைத்துக்கொண்டேன்.

ஆகவே கடிதத்தில் அண்ணாவைத் தொடவில்லை. அந்த ஓட்டையை அடைக்கக் கோதுமைக்காரரைக் கொண்டுவந்தேன். திரும்பத் திரும்பத் தெரிவான ஒரு கனடிய உறுப்பினர், தன் தொகுதி முழுவதும் மதித்த ஒருவர், கப்பலில் வந்தவர்களுக்காக இப்படிப் பேசினார் என்று ஒரு பந்தி. பிறகு அவர் எதிர்மாறாகப் பேசியதை எழுதவில்லை. எம்.பி. அதை வாசித்து நெஞ்சு நிமிர்த்துவார் என்று கற்பனை வேறு.

புதன்கிழமை காலை கனடாவிலிருந்து என் மேற்பார்வையாளர் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். மிகவும் மரியாதையான மனிதர். நடுவில் இருக்கும் கோப்புக் கட்டில் பேசுபவர் பெயர் முழுவதும் பிழையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது, அந்த நான்கு வருடமும் அத்தொகுதியின் உறுப்பினர் வேறு ஒருவர், அறிவுறுத்தலில் சொன்னபடி ஒவ்வொரு பாராளுமன்றத்துக்கும் உரிய உறுப்பினர் பட்டியலைத் தயவுசெய்து பாருங்கள் என்று எழுதியிருந்தார். அப்படி ஒரு பட்டியல் இருப்பதே எனக்குத் தெரியாது. அறிவுறுத்தல் தாளை மூன்று பக்கம் வாசித்ததோடு மடித்து வைத்தவள் நான்.

பட்டியலைத் திறந்தேன். கோதுமைக்காரர் ஒரு தேர்தலில் தோற்றிருக்கிறார். வேறொருவர் வந்திருக்கிறார், முன்பின் அறியாத ஒரு பெயர். ஒரேயொரு தவணை, அந்த நான்கு வருடம்தான். அடுத்த தேர்தலில் கோதுமைக்காரர் திரும்பி வந்து, சாகும்வரை அந்தக் கதிரையை விடவில்லை. கப்பலுக்காகப் பேசிய மனிதர் அதன்பிறகு எந்தப் பட்டியலிலும் இல்லை. எங்கே போனார், என்ன தொழில் செய்தார், ஒன்றும் தெரியாது. நூறு வருடத்துக்குப் பிறகு ஒருத்தி மெல்பேர்னில் இருந்துகொண்டு அவருடைய ஒரே நல்ல பேச்சையும் அவரைத் தோற்கடித்தவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

மாதக்கணக்காக என்னைப் போட்டு உலைத்த மர்மம் இவ்வளவுதான். ஒருவர் மனம் மாறவில்லை. இரண்டு பேர். இருவருக்கும் ஒரே கூப்பிடு பெயர், அவ்வளவே. எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. என் வேலை போய்விடுமோ என்ற பயமும் வந்தது. அதற்கு மேலால் கடிதம். வெள்ளிக்கிழமைக்கு இடையில் ஒரு நாள்தான் இருந்தது, கடிதத்தில் நடுப்பந்தி பொய். என் கணவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். "விடும். அந்த எம்.பி. கனடாவுக்குப் போய்ப் பார்க்கப்போறாரோ?" என்றுவிட்டு இவர் தொலைபேசியை வைத்துவிட்டார். ஒரு தவணையோடு தோற்றுப்போனவரின் கதையைச் சொன்னால் எந்த எம்.பி.க்குத்தான் துணிவு வரும்? விடவும் முடியவில்லை, மாற்றவும் தெரியவில்லை.

அரிசி களைந்துகொண்டிருந்தேன். இரண்டு பேரை ஒரே பெயரால் கூப்பிட்டால், கேட்கிறவருக்கு ஒருவர்தான் தெரிவார். அந்த ஒருவர் முன்னுக்குப் பின் முரணாகத் தெரிவார். களைந்த தண்ணீர் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்தது. கையைக்கூடத் துடைக்காமல் பின்வளவுக்குப் போய் அறைக்கதவைத் தட்டினேன்.

தம்பி வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, உமக்கு எத்தனை அண்ணாமார்?"

"ரெண்டு பேர், அன்ரி."

அவர் சப்பாத்துக் கயிற்றைக் கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தில் என்னத்தைக் கண்டாரோ, எழுந்து எனக்குக் கதிரையை இழுத்துப் போட்டார்.

மூத்தவரைத்தான் கொண்டுபோனார்கள். இளையவர் கனடாவில். அதற்கு முன்பு வீட்டில் பெரியண்ணா, சின்னண்ணா என்றுதான் சொல்வார்களாம். மூத்தவர் போனபின் தாய் அப்படிச் சொல்ல விடவில்லை. சின்னண்ணா என்று வாயெடுத்தால் பெரியவர் எங்கே என்று கேட்கத் தோன்றும் அல்லவா. அதனால் இருந்தவரும் அண்ணா, இல்லாதவரும் அண்ணா. வயதுக்கு மூத்தவர்களைப் பெயர் சொல்லும் பழக்கம் அவர்கள் வீட்டிலும் இல்லை. முகாமில் விண்ணப்பத்தை நிரப்பித் தந்தவர், உயிரோடு இருக்கிற சகோதரர்களின் பெயரை மட்டும் சொல்லும் என்றாராம். ஆகவே தாளில் ஒரு அண்ணாதான் இருந்தார்.

"பிறகு ஒருத்தரும் கேட்கேல்லையோ?"

"அண்ணாவைப் பற்றிச் சொன்னதை நம்பேல்லை எண்டு லோயர் போனில சொன்னவர். நம்பாட்டி நான் என்ன செய்யிறது? அதுக்குப் பிறகு நான் அந்தக் கதையை எடுக்கிறேல்லை."

அந்தக் கடிதத்தில் இருந்ததை வசனம் வசனமாகத் தமிழில் சொன்னேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். இவ்வளவு வருடமும் தன்னைப் பொய்யன் என்று சொன்னது எதற்காக என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மன்னிச்சுக்கொள்ளும் தம்பி என்றேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை. நான் அவரை நம்பாமல் இருந்ததை அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. இங்கேதான் சொல்கிறேன்.

வியாழக்கிழமை முழுவதும் கடிதத்தைப் புதிதாக எழுதினேன். கௌரவ உறுப்பினர்கள் இருவரையும் வெளியே அனுப்பினேன். இரண்டு அண்ணாமாரை உள்ளே கொண்டுவந்தேன். கனடாவிலிருந்து சின்னவர் பிறப்புச் சான்றிதழ்களைப் படம் பிடித்து அனுப்பினார். மூத்தவரைக் காணவில்லை என்று தாய் அந்த நாளில் கொடுத்த முறைப்பாட்டின் துண்டும் எங்கிருந்தோ வந்தது. பெயரை அதிலிருந்து எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தேன். லேபல் பார்த்த கண்ணுக்கு அது பழகிய வேலைதான்.

வெள்ளிக்கிழமை எம்.பி.யின் அலுவலகத்தில் எங்களுக்குக் கிடைத்தது கால் மணித்தியாலம். எம்.பி. கடிதத்தை இரண்டுதரம் வாசித்தார். இவ்வளவு காலமும் ஒருவருமே கேட்கவில்லையா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நானும் கேட்கவில்லை என்பதால் நான் மேசையைப் பார்த்தேன். இந்தத் தொகுதியில் இதைப் பேசுவது லேசில்லை, ஆனாலும் அமைச்சருக்கு எழுதுகிறேன் என்றார். வாக்குறுதி எதுவும் தரவில்லை. ஒரு தவணையோடு போன அந்த மனிதரை நினைத்துக்கொண்டேன். அவரைப் பற்றி அங்கே வாய் திறக்கவில்லை.

கிளம்பும்போது எம்.பி. பேனாவை எடுத்து, காணாமல்போன சகோதரரின் பெயரைச் சரியாக உச்சரிக்க விரும்புகிறேன், எப்படிச் சொல்வது என்று தம்பியிடமே கேட்டார்.

தம்பிக்கு அந்த இங்கிலீஷ் விளங்கியது. ஆனாலும் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொல்லிவிடுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். என் வாய்க்குள் அந்தப் பெயர் இருந்தது. முப்பத்திரண்டு வருடம் லைசென்ஸ் நீட்டிப் பழகியவளுக்கு இது ஒன்றும் பெரிய வேலையல்ல, கடிதத்தை விரலால் காட்டினால் போதும். நான் காட்டவில்லை.

தம்பி கதிரையிலிருந்து எழுந்து நின்றார். போட்டிருந்த சேட்டை இழுத்துச் சரிசெய்தார். அந்தப் பெயரை முழுமையாக, தகப்பன் பெயரோடு சேர்த்து ஒருதரம் சொன்னார். எம்.பி. அதைத் திருப்பிச் சொன்னார், பிழையாக. தம்பி மறுபடியும் சொன்னார். மூன்றாம் தரம் சரியாக வந்தது.

அமைச்சரிடமிருந்து இதை எழுதும் நாள்வரை பதில் இல்லை. என் மேற்பார்வையாளர் வேலையை விட்டு நிறுத்தவில்லை. நடுக்கட்டுப் பேச்சுகள் எல்லாவற்றுக்கும் உரியவரின் பெயரைப் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன். நாற்பதுக்கும் குறைந்த பக்கங்கள், அவருடைய முழு அரசியல் வாழ்க்கையும் அதற்குள் அடங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குத் திரும்பும்போது நான்தான் கார் ஓட்டினேன். தம்பி பக்கத்தில் இருந்தார். ரயில் கடவையில் தடை விழுந்து காத்திருந்தபோது முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்.

"பேர் சொன்னதுக்கு அண்ணா ஏசப்போறார், அன்ரி."

எந்த அண்ணா என்று நான் கேட்கவில்லை.